மூன்றாம் மாடிச் சிரிப்பு

என் தங்கச்சி நடித்த படம் தியேட்டருக்கு வராது என்று தெரிந்த அன்று, ஒருவருடைய பேண்ட்டை முழங்கால்வரை வெட்டிவிட்டேன். நீளம் குறைக்கத்தான் கொடுத்திருந்தார், ஆனால் அவ்வளவு கேட்கவில்லை. கோபம் வந்தால் என் கத்திரிக்கோலுக்குக் கண் தெரியாது. இந்தக் கட்டடத்தில் என்னிடம் துணி தைக்கக் கொடுக்கிற எல்லோருக்கும் அது தெரியும். அதனால் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறப்பார்கள்.

கோபம் வராமல் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டுச் சின்னவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன் மேசையில் வேலை பார்க்கிறவள். போன் எடுப்பாள், டோக்கன் கொடுப்பாள், ஊசி என்றதும் ஓடப்பார்க்கிறவர்களைப் பேசிப் பேசியே உட்கார வைப்பாள். அங்கே பல்லைக் காட்ட வந்த ஒரு டைரக்டர் இவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, வாயில் பஞ்சோடு, "ஒரு சீன் நடிக்கிறியாம்மா?" என்றார். அப்படி வந்தது அவளுக்கு சினிமா. ஒரே ஒரு சீன்தான். வில்லன் கையில் கத்தியோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைவான். கூட்டம் அலறும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற இவள் மட்டும் தலையை நிமிர்த்தாமல் அவனிடம் டோக்கன் கேட்பாள். குளியலறை, மாடிப்படி, சாப்பாட்டு மேசை என்று எல்லா இடத்திலும் சொல்லிப் பார்த்து, அந்த வசனம் எங்கள் வீட்டுச் சுவருக்கே மனப்பாடம்.

"நேரா ஆப்ல போட்டுடறாங்களாம்கா" என்று கடை வாசலில் நின்று சொன்னாள். குரலே எழும்பவில்லை.

கடைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "நல்லதுதானே. மாசாமாசம் பணம் கட்டறோம், வீட்லயே கால நீட்டிக்கிட்டுப் பார்க்கலாம்" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பட்டனைத் தட்டினால் வருகிற எதுவும் அவருக்கு நல்லதுதான்.

"உங்களுக்குப் புரியாது மாமா. தியேட்டர்ல கடைசி வரிசையில போய் உக்காந்து, என்னைத் தெரியாதவங்க சிரிக்கிறாங்களான்னு கேக்கணும்னு இருந்தேன்."

"ஏன், நாங்க சிரிக்க மாட்டமா?" என்றேன்.

"நீ நான் தும்மினாக்கூட சிரிப்ப. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. உங்க சிரிப்பெல்லாம் செல்லாது."

அவளுக்கு அந்தச் சிரிப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். பல் டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஷூட்டிங், டப்பிங் என்று இவள் எடுத்த லீவில் அவரும் பொறுமை இழந்துவிட்டார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருக்காதே, கிளினிக்கா சினிமாவா, திங்கட்கிழமை முடிவைச் சொல் என்று சொல்லிவிட்டார். இவளும் தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முகம் தெரியாத ஜனம் சிரித்தால் கிளினிக்கை விட்டுவிட்டு நடிக்க அலைவாள். சிரிக்காவிட்டால் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆயுசுக்கும் டோக்கன் கொடுப்பாள். அழமாட்டாள், புலம்பமாட்டாள். எங்கள் அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவளுக்கு.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த சீன் படத்தில் இருக்கிறதா, வெட்டி எறிந்துவிட்டார்களா என்பதே அவளுக்குத் தெரியாது. டைரக்டர் ஆபீஸில் போனை எடுத்தால்தானே!

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் படம் வெளியாவதாகச் செய்தி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தியேட்டர் இல்லாவிட்டால் என்ன, எங்கள் கட்டடத்தையே தியேட்டராக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றியது. ஊரைக் கூட்டுவதற்கு என்னை மிஞ்சி ஆள் கிடையாது. எங்கள் சுவர்களோ அப்பளம். மேல்வீட்டில் யாராவது தும்மினால் கீழ்வீட்டிலிருந்து ஆயுசு நூறு என்று குரல் வரும். சிரித்தால் கேட்காதா?

சின்னவளிடம் சொன்னேன். கண்ணைச் சுருக்கினாள். "பார்க்கச் சொல்லு. ஆனா நான் அதுல இருக்கேன்னு மட்டும் மூச்சு விடாத. சொன்னா மரியாதைக்குச் சிரிப்பாங்க."

"சொல்லல."

"அக்கா, உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியும். சத்தியம் பண்ணு."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சனிக்கிழமை காலை, மூன்றாம் மாடி கணக்கு டீச்சருக்குத் தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டுக்கு வார இறுதியில் தங்கைகள், மச்சினர்கள், பிள்ளைகள் என்று ஒரு படையே வரும். "டீச்சர், இன்னிக்கு ஏழு மணிக்கு ஒரு படம் வருது, தவற விட்டுடாதீங்க" என்றேன். "எங்ககிட்ட அந்த ஆப் இல்லையேம்மா" என்றார். எங்கள் வீட்டுப் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிற ஜிம் மாஸ்டரிடம், முழங்கால்வரை வெட்டிய அந்தப் பேண்ட்டைக் கொடுத்த கையோடு அவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். கீழே என் கடையை ஒட்டி இருக்கிற பேக்கரிக்காரருக்கும். இந்த மூன்று இடத்திலும் "என் தங்கச்சி" என்கிற வார்த்தை தொண்டைவரை வந்து வந்து போனது. பிரசவ வலியைப் பொறுத்தவள் நான். இது அதைவிடக் கஷ்டம்.

பாஸ்வேர்டை இப்படி வாரி வழங்கலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆப்பைத் திறந்தால் முயல், பூனை, யானை, ஆந்தை, கரடி என்று ஐந்து முகம் வரும், யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கும். ஐந்து முகம் இருக்கிறதே, ஐந்து வீட்டுக்குத் தாராளமாகப் போதும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஏழு மணிக்கு எங்கள் முதல் மாடி வீட்டில் விளக்கை அணைத்தோம். அம்மா வெளியே போகிறபோது போடுகிற கம்மலைப் போட்டுக்கொண்டு, தலை வாரி, கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் தரையில், டிவிக்குப் பக்கத்தில், நகத்தைக் கடித்துக்கொண்டு. ரிமோட் என் வீட்டுக்காரர் கையில்.

முயலைத் தட்டினார். படம் ஆரம்பித்தது. என்ன பாஷை என்றே தெரியாத எழுத்துக்கள் அடியில் ஓடின. அதை எடுப்பதற்குள் டைட்டில் போய்விட்டது. பேசினால் குசுகுசுவென்று கேட்டது, சண்டை வந்தால் ஜன்னல் அதிர்ந்தது. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக அவர் கட்டைவிரல் படாத பாடு பட்டது.

"இவன்தான் அவனோட அண்ணனா?" என்றாள் அம்மா.

நிறுத்தினார். விளக்கினார். ஓட்டினார்.

"அப்போ செத்தது யாரு?"

நிறுத்தினார். அவருக்கு மாமியார் என்றால் அவ்வளவு மரியாதை. தியேட்டரில் அம்மா என்ன கேட்டாலும் படம் தன் பாட்டுக்கு ஓடும், பக்கத்து சீட்டுக்காரர் 'உஷ்' என்பார், அம்மாவும் அடங்கிவிடுவாள். வீட்டில் படம் கைகட்டி நின்று எல்லோருக்காகவும் காத்திருக்கிறது. நான் தண்ணீர் குடிக்கப் போனேன், நிறுத்தினார். பார்சல் ஒன்று வந்தது, நிறுத்தினார். ஆளுக்கொரு இடைவேளை! இழுத்து இழுத்துப் பார்த்ததில் யார் எதற்காக யாரைத் துரத்துகிறார்கள் என்பது எனக்கே மறந்துவிட்டது.

"மாமா, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க" என்றாள் சின்னவள். "இந்தக் கார் சேஸ் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிதான். இருந்தா இங்கதான் இருக்கணும்."

கார்கள் சீறிக்கொண்டு கிளம்பின. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரரின் போன் அடித்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டாராம். படத்தை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"பயப்படாதீங்க சார். கதவை உள்ளேர்ந்து தள்ளாதீங்க. மூச்சு முட்டாது, மேல ஓட்டை இருக்கு. செக்யூரிட்டியை மெஷின் ரூமுக்குப் போகச் சொல்லுங்க... சிவப்பு பட்டன் இல்ல சார், பச்சை..."

எவ்வளவு நேரம் பேசினாரோ. சின்னவள் ஒரு கையின் நகத்தை முடித்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விட்டாள். லிஃப்டில் மாட்டியவர் வெளியே வந்தார், இவரும் போனை வைத்தார், ரிமோட்டைத் தட்டினார்.

படம் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு செய்தி வந்தது. இந்தக் கணக்கில் ஏற்கெனவே மூன்று திரைகளில் படம் ஓடுகிறது, நீங்கள் பார்க்க வேண்டுமானால் அதில் ஒன்றை நிறுத்துங்கள் என்றது.

"மூணு திரையா?" என்றார். "நம்ம வீட்ல இருக்கறதே ஒண்ணுதானே!"

நான் கைப்பையைப் பார்ப்பதுபோல் அம்மாவின் மடியைப் பார்த்தேன். சின்னவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா. யாருக்குக் குடுத்த?"

"டீச்சருக்கு."

"அப்புறம்?"

"ஜிம் மாஸ்டருக்கு. பேக்கரிக்கு... அஞ்சு முகம் இருக்கேன்னுதான்டி..."

"முகம் எத்தனை வேணா வெச்சுக்கலாம், ஒரே நேரத்துல மூணு பேருக்கு மேல பார்க்க முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே!" என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். "நாம நிறுத்தின கேப்ல மூணாவது ஆள் உள்ள வந்துட்டான். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு சும்மாவா சொன்னாங்க!"

"ஊருக்கெல்லாம் இலை போட்டுட்டு நம்ம பிள்ளையப் பட்டினி போட்டுட்டியேடி பெரியவளே" என்றாள் அம்மா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் மேலேயே ஆத்திரம். "வாடி" என்று சின்னவளின் கையைப் பிடித்து இழுத்தேன். "மூணுல ஒண்ணை நிறுத்த வெச்சாப் போச்சு." அவர் பின்னாலிருந்து, "அவங்களத் தொந்தரவு பண்ணாத, நான் செட்டிங்ஸ்ல பார்க்கறேன்" என்று கத்தினார். அவருடைய செட்டிங்ஸை நம்பினால் விடிந்துவிடும். செருப்பைக்கூடப் போடாமல் இரண்டு பேரும் படியேறி ஓடினோம்.

ஜிம் மாஸ்டர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மனுஷர் நின்ற இடத்திலேயே ஓடும் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் டிவி. கையில் போன், காதில் மாட்டியிருந்ததில் வேறு ஏதோ பாட்டு.

"மாஸ்டர், கொஞ்சம் அதை நிறுத்த முடியுமா?" என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சின்னவள் என் கையைக் கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளு.

டிவியில் ஆஸ்பத்திரி. டிவியில் அவள்!

வெள்ளை உடுப்பு, காதில் செருகிய பேனா, குனிந்த தலை. எங்கள் சின்னவளேதான். வெட்டவில்லை! எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. கத்தியோடு வில்லன் வந்தான். கூட்டம் சிதறியது. அவள் நிமிராமல் கையை நீட்டி, "டோக்கன்?" என்றாள்.

ஜிம் மாஸ்டர் போனில் எதையோ மேலே தள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. பிறகு எங்களைப் பார்த்தார். "என்னக்கா, பேண்ட்டா? பரவால்ல, நாளைக்குப் பார்க்கலாம்." டிவியை ஒரு பார்வை பார்த்தார். "அட, ஆஸ்பத்திரி சீனா, போர்" என்று ரிமோட்டை எடுத்துத் தட்டினார். படம் தாவியது. இன்னொரு தட்டு. ஆஸ்பத்திரியே போய்விட்டது, யாரோ மழையில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மனுஷனை அந்த மெஷினோடு சேர்த்துத் தைத்துவிடலாமா என்று வந்தது எனக்கு. எத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம்! தியேட்டராக இருந்தால் பிடிக்காதவன் எழுந்து வெளியேதான் போக முடியும். அவளைத் தாண்டிக் குதிக்க முடியுமா?

அவள் வெளியே வந்தாள். மாடிப்படியில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"போதும்கா."

"அவன் கெடக்கறான்டி! அவன் பார்க்கவே இல்ல..."

"பார்க்கலங்கறதுதான் பதில். நல்லா இருந்திருந்தா தலையைத் தூக்கியிருப்பார். டாக்டருக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்." இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். போனைப் பிடுங்கலாமா, காலில் விழலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் மேலிருந்து காரின் டயர் கிறீச்சிடும் சத்தம் இறங்கி வந்தது.

"ஏய், இரு இரு!" என்றேன். "அது கார் சேஸ்தானே? டீச்சர் வீட்ல இப்பதான் கார் சேஸ் ஓடுது! இந்த மாஸ்டர் தாவித் தாவிப் பார்த்ததால முன்னாடி போயிட்டான். டீச்சர் வீட்ல உன் சீன் இன்னும் வரல!"

அவள் போனை அமுக்கவில்லை. ஆனால் ஏறவும் இல்லை. "அங்கேயும் ஒருத்தரும் சிரிக்கலன்னா?"

"சிரிக்கலன்னா நானே டாக்டருக்குப் போன் போட்டுத் தரேன். ஏறுடி!"

டீச்சர் வீட்டு வாசலில் செருப்புகள் சந்தைபோல் குவிந்து கிடந்தன. வார இறுதிப் படை முழுவதும் உள்ளே. கதவைத் தட்டினேன். டீச்சர் ஒரு விரற்கடை அளவுக்குத் திறந்து, இருட்டில் எங்கள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "உஷ்! மாட்டிக்கப் போறான்! வந்தா உள்ள வாங்க, இல்லன்னா கதவைச் சாத்துங்க" என்றார்.

உள்ளே ஒரு காலை வைத்தேன். சின்னவள் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

"நான் உள்ள வந்தா என் முகத்தைப் பார்ப்பாங்க. அப்புறம் வர்ற சிரிப்பு எனக்கு வேண்டாம்" என்று காதோடு சொன்னாள். செருப்புகளுக்கு நடுவில் படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான். உள்ளே நடப்பது ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கேட்டது.

கார் மோதியது. உள்ளே யாரோ "அய்யய்யோ" என்றார்கள். ஆம்புலன்ஸ் சத்தம். அவள் என் முழங்காலைப் பிடித்தாள். கூட்டத்தின் அலறல், ஓடுகிற கால்கள். பிறகு எல்லாம் அடங்கியது. மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது.

"டோக்கன்?" என்றது அவள் குரல், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

யாரும் சிரிக்கவில்லை.

கடவுளே, ஒருத்தராவது சிரித்துத் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். நானே சிரித்துவிடலாமா என்று பார்த்தேன். சிரித்திருந்தால் அவள் என்னைக் கொன்றிருப்பாள். அவள் மூச்சே விடவில்லை.

"யாருன்னு தெரியுமாடி நான்?" என்று வில்லன் உறுமினான்.

"தெரியாதுங்க. பேரு, வயசு சொன்னா எழுதிக்கறேன். கத்தியை மேசை மேல வைக்காதீங்க, இப்பதான் துடைச்சேன். உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் இருக்காங்க."

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே யாரோ ஒரு பெண்பிள்ளை 'க்ளுக்' என்றாள். இன்னொருவருக்குப் புரையேறியது. அடுத்த கணம் மொத்த வீடும் இடிந்து விழுந்ததுபோல் ஒரு சிரிப்பு! கதவு அதிர்ந்தது. கனமான ஆண்குரல் ஒன்று விக்கிக்கொண்டே சிரித்தது, பிள்ளைகள் கீச்சிட்டார்கள், யாரோ தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கணக்கு டீச்சர், வகுப்பில் பல்லே தெரியாமல் பாடம் நடத்துகிறவர், "அய்யோ, என் வயிறு, என் வயிறு" என்றார்.

"உக்காந்துட்டான்டா! டோக்கனை வாங்கிட்டு உக்காந்துட்டான்!"

"யாரு இந்தப் பொண்ணு? பின்னிட்டா!"

"திருப்பிப் போடு, திருப்பிப் போடு!"

திருப்பிப் போட்டார்கள்! மறுபடி மின்விசிறி, மறுபடி "டோக்கன்?" இந்தத் தடவை வசனம் வருவதற்கு முன்னாலேயே சிரிப்பு கிளம்பிவிட்டது. சிரித்த இடத்திலேயே மறுபடி சிரித்தார்கள், இன்னும் பலமாக. அது அடங்குவதற்குள், கீழே தெருமட்டத்திலிருந்து, பேக்கரிப் பக்கமிருந்து, இன்னொரு சிரிப்பு தனியாக வெடித்தது. படம் அங்கே கொஞ்சம் பின்தங்கி ஓடியிருக்க வேண்டும். கவுண்டரில் வைத்த போனைச் சுற்றி நின்று ரொட்டி வாங்க வந்தவர்கள் சிரிக்கிறார்கள் என்பது எட்டிப் பார்க்காமலே தெரிந்தது.

நான் எழுந்துவிட்டேன். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய், "என் தங்கச்சி! அது என் தங்கச்சி!" என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சின்னவள் எட்டி என் வாயைப் பொத்தினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துவரை போயிருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. "கேக்கவிடுக்கா" என்றாள். "கொஞ்ச நேரம் கேக்கவிடு."

அப்படியே உட்கார்ந்து கேட்டோம்.

திடீரென்று எல்லாம் நின்றது. மேலே, கீழே, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சத்தம் அறுந்தது. அதற்கடுத்து முதல் மாடியிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல், வாழ்க்கையில் முதல்முறையாக வெற்றி பெற்றவர்போல் எழுந்தது.

"சரியாயிடுச்சு! எல்லாரையும் வெளிய தள்ளிப் பூட்டிட்டேன்! ஓடி வாங்க!"

அட பாவி மனுஷா!

"என்னாச்சு?" "படம் எங்க?" "பாஸ்வேர்டு கேக்குது!" கட்டடம் முழுக்கக் கதவுகள் திறந்தன. ஜிம் மாஸ்டர் துண்டோடு வெளியே வந்து மேலே அண்ணாந்து பார்த்தார். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "யாருங்க அது, நல்ல நேரத்துல?" என்று கத்திக்கொண்டே படியேறினார். டீச்சர் வீட்டுக் கதவு படாரென்று திறந்து, படை மொத்தமும் எங்கள் மேல் விழாத குறையாக வெளியே கொட்டியது.

படியில் செருப்புகளுக்கு நடுவில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்த சின்னவளை முதலில் பார்த்தது ஒரு பொடிப் பெண். அவளைப் பார்த்தது, உள்ளே இருண்டு கிடந்த டிவியைத் திரும்பிப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது.

"பெரியம்மா, டோக்கன் அக்கா!"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம முதல் மாடிப் பொண்ணா? பல் டாக்டர்கிட்ட இருக்கிறவ? நீயாம்மா அது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, துணி கொடுக்க வந்தப்ப ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொல்லக் கூடாதுன்னு தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கிட்டா டீச்சர்! நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!" என்று கத்தினேன். பூட்டி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. "என் தங்கச்சி! என் கூடப்பொறந்தவ! நான் வளர்த்தவ!" படியிலிருந்த எல்லோரும் கை தட்டினார்கள். ஜிம் மாஸ்டர் மட்டும், "நானும் அதே படம்தான் பார்த்தேன், இவங்க எந்த இடத்துல வந்தாங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். விக்கி விக்கிச் சிரித்த கனத்த குரல்காரர், டீச்சரின் மச்சினராம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அடுத்த படம் எப்பம்மா?"

அடுத்த படமா? அவளை யாரும் கூப்பிடவில்லை. அந்த டைரக்டர் ஆபீஸில் போன்கூட எடுப்பதில்லை. கையில் இருப்பது பல் டாக்டர் வேலை ஒன்றுதான். நான் அவளுடைய அக்கா, எனக்கு அதெல்லாம் தெரியும். மழுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இன்னும் ஒண்ணும் வரலங்க" என்றாள். "கூப்பிட்டா போகணுமேன்னு வேலையை விட்டுட்டேன்."

விட்டுட்டேன் என்றாள், விடப்போகிறேன் என்றுகூட இல்லை. அதைக் கேட்டு எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நானும் தட்டப் பார்த்தேன், அவள் பிடியை விடவில்லை.